போட்டாச்சு, ஆனால் எந்தப் பைத்தானில்? பிப் கட்டளையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு என்று தண்ணீர் நான்காகப் பிரிகிறது. வெண்ணாற்றில் திறந்துவிட்டு, புது ஆற்று வயல் காய்கிறதே என்று நின்றால் என்ன பயன்? பைத்தான் நிரல்மொழிக்கு வேண்டிய லைப்ரரிகளை, அதாவது பேக்கேஜ்களை, இறக்கிப் போடும் கருவி பிப். டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) அதை வைத்து லைப்ரரி போடும்போது நடக்கும் பாதிக் குழப்பம் இந்த வகைதான். பேக்கேஜ் ஒழுங்காகத்தான் இறங்கியிருக்கும், ஆனால் வேறொரு பைத்தானுக்குள். (கீழே கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறது. தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

ஒரே மடிக்கணினியில் 3.10, 3.12, அனகோண்டா (லைப்ரரிகளோடு சேர்ந்தே வரும் பைத்தான் தொகுப்பு) என்று மூன்று பைத்தான் இருப்பது சகஜம். வெறுமனே ‘பிப் இன்ஸ்டால்’ என்றால், பாதையில் (கட்டளைகளைக் கணினி தேடும் ஃபோல்டர் பட்டியலில்) முதலில் அகப்படும் பிப் ஓடும். அது எந்தப் பைத்தானுடையது என்பது உங்களுக்குத் தெரியாது. அதனால் ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்’ என்றே பழகுங்கள். நிரலை ஓட்டும் அதே பைத்தானுக்குள் பேக்கேஜ் போய்ச் சேரும். விண்டோஸில் ‘பிஒய் -3.12 -எம் பிப்’ என்று பதிப்பையும் சொல்லிவிடலாம். ஜூபிட்டரில் (நிரலைத் துண்டு துண்டாக ஓட்டிப் பார்க்கும் நோட்புக் கருவி) ஆச்சரியக்குறி போட்டுப் பிப்பைக் கூப்பிடாமல் சதவீதக்குறி போட்டுக் கூப்பிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின், அதாவது அந்த நோட்புக்கை இயக்கும் பைத்தானுக்கே போகும்.

அடுத்தது ‘சுடோ பிப்’, அதாவது உபுண்டு போன்ற லினக்ஸில் நிர்வாகி உரிமையோடு பிப்பை ஓட்டுவது. உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் பைத்தானில் எழுதப்பட்டவை. நீங்கள் போடும் புதுப் பதிப்பு அவை நம்பியிருக்கும் பழைய பதிப்பை மறைத்துவிடும். நாளைக்கு வேறு எதுவோ உடையும், காரணம் யாருக்கும் பிடிபடாது. இதனால்தான் டெபியன் 12, உபுண்டு 23.04 முதல், ‘இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்’ என்று பிப்பே மறுத்துவிடுகிறது. உடனே இணையத்தில் தேடி ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்ற விருப்பத்தை ஒட்டுகிறார்கள். பெயரிலேயே உடைப்பேன் என்று சொல்கிறது, அப்புறமும் ஒட்டினால் எப்படி? ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் ‘பைத்தான்3 -எம் வென்வ் சூழல்’ என்று தனிச் சூழல் (அந்த ப்ராஜெக்ட்டின் பேக்கேஜ்களுக்கு மட்டுமான ஃபோல்டர்) உண்டாக்கி, அதை ஆக்டிவேட் செய்துகொண்டு போடுங்கள். உபுண்டுவில் வென்வ் இல்லை என்று எரர் வந்தால், முதலில் ஆப்ட் (உபுண்டுவின் சொந்த நிறுவல் கட்டளை) வழியாக பைத்தான்3-வென்வ் பேக்கேஜைப் போட வேண்டும்.

போடும்போது பெயரிலும் சறுக்கும். நிரலில் சிவி2 என்று இருக்கும், போட வேண்டியது ஓப்பன்சிவி-பைத்தான். பிஐஎல்லுக்கு பில்லோ, எஸ்கேலேர்னுக்கு சைகிட்-லேர்ன், யாமலுக்கு பையாமல். ஊகித்துத் தட்டாதீர்கள். பிரபலமான பெயரில் ஓரெழுத்து மாற்றி, தீங்கு செய்யும் பேக்கேஜை ஏற்றி வைப்பவர்கள் உண்டு. பிப் கேள்வி கேட்காமல் அதையும் இறக்கித் தரும்.

இன்னொன்று, பார்த்தால் தவறாகவே தெரியாது. லினக்ஸ் டெர்மினலில் மேற்கோள்குறி இல்லாமல் ‘பிப் இன்ஸ்டால் நம்பை>=1.26’ என்று தட்டினால், திரையில் ஒன்றும் வராது. ஏனென்றால் > குறியை ஷெல் (கட்டளையைப் படித்து ஓட்டும் நிரல்) ‘வருவதைக் கோப்பில் எழுது’ என்று எடுத்துக்கொள்கிறது. பிப்புக்குக் கிடைப்பது ‘நம்பை’ மட்டும். அது சொல்வதெல்லாம் ‘=1.26’ என்ற பெயரில் உருவான ஒரு கோப்புக்குள் போய்விடும். ஃபோல்டரில் அப்படி ஒரு கோப்பு கிடந்தால் நடந்தது இதுதான். கோப்பை அழித்துவிட்டு, பெயரையும் பதிப்பையும் சேர்த்து மேற்கோள்குறிக்குள் தட்டுங்கள்.

நீக்குவதில்தான் சிக்கல் அதிகம். பாண்டாஸைப் போட்டால் நம்பை, டேட்யூடில் எல்லாம் கூடவே வரும். ‘பிப் அன்இன்ஸ்டால் பாண்டாஸ்’ என்றால் பாண்டாஸ் மட்டும் போகும், கூட வந்தவை அப்படியே இருக்கும். ஒவ்வொன்றாகத் தேடி அழிக்கப் போனால் வேறு பேக்கேஜுக்கு வேண்டியதும் சேர்ந்து போய்விடும். நீக்கும் முன் ‘பிப் ஷோ நம்பை’ தட்டி, ‘ரிக்வயர்ட்-பை’ வரியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நீக்கிய பின், எதற்காவது வேண்டியது விடுபட்டுவிட்டதா என்று பார்க்க, ‘பிப் செக்’ ஒரு தடவை. தனிச் சூழல் வைத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. ஃபோல்டரை அழித்துப் புதிதாக உண்டாக்கினால் போதும்.

நெல் இலைப் படத்தைப் பார்த்துக் குலைநோயா என்று சொல்லும் நிரல் ஒன்று எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓப்பன்சிவி-பைத்தானும் ஓப்பன்சிவி-கான்ட்ரிப்-பைத்தானும் இரண்டும் இருக்கின்றன. ஒன்று போதுமே என்று ஒன்றை நீக்குகிறீர்கள். அடுத்த நிமிடம் சிவி2 இல்லை என்று எரர். இரண்டும் ஒரே சிவி2 ஃபோல்டருக்குள் குடியிருப்பவை. ஒன்று வெளியேறும்போது மற்றதன் கோப்புகளையும் வாரிக்கொண்டு போகிறது. இரண்டையும் நீக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் மறுபடி போடுங்கள்.

பேக்கேஜ்கள் குடியிருக்கும் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டருக்குள் போய்க் கையால் அழிப்பது கூடாது. டிஸ்ட்-இன்ஃபோ என்ற குறிப்பு ஃபோல்டர் அங்கேயே தங்கிவிடும். ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று பிப் சாதிக்கும், நிரலோ இல்லை என்று சொல்லும். ‘ஃபோர்ஸ்-ரீஇன்ஸ்டால்’ விருப்பத்தோடு போட்டால் சரியாகும். விண்டோஸில் ஜூபிட்டரை மூடாமல் நம்பையை மேம்படுத்தினாலும் வம்புதான். திறந்திருக்கும் கோப்பை அழிக்க முடியாமல், அலைக்கோட்டில் (~) தொடங்கும் பெயரோடு ஒரு ஃபோல்டர் பாதியில் நிற்கும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் ‘செல்லாத பேக்கேஜைத் தவிர்க்கிறேன்’ என்று எச்சரிக்கை வரும். இந்த ஒரு ஃபோல்டரை மட்டும், ஜூபிட்டரை மூடிவிட்டு, கையால் அழிக்கலாம்.

கல்லூரி லேபில் நெட் இல்லையென்றால் சூழல் ஃபோல்டரையே பென்டிரைவில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். உள்ளே பழைய கணினியின் பாதைகள் எழுதப்பட்டிருக்கும், புது இடத்தில் ஓடாது. வீட்டில் ‘பிப் ஃப்ரீஸ்’ வழியாகப் பட்டியலைக் கோப்பாக எழுதி, ‘பிப் டவுன்லோட்’ கட்டளையால் பேக்கேஜ்களை ஒரு ஃபோல்டரில் இறக்குங்கள். லேபில் ‘நோ-இண்டெக்ஸ்’, ‘ஃபைண்ட்-லிங்க்ஸ்’ விருப்பங்களோடு அந்த ஃபோல்டரைக் காட்டிப் போடலாம். லினக்ஸில் இறக்கிய நம்பை விண்டோஸில் ஏறாது, 3.10-க்கு இறக்கியது 3.12-இல் ஏறாது. அதனால் கிளம்பும் முன் லேப் கணினியில் எந்த இயங்குதளம், எந்தப் பைத்தான் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.