உபுண்டுவில் பொதிகள் முட்டிக்கொள்ளும்போது செய்ய வேண்டியவை

உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் மென்பொருள்கள் ‘பொதி’ (பேக்கேஜ்) எனப்படும் கட்டுகளாக வருகின்றன; பெரும்பாலும் எந்தப் பொதியும் தனியே வருவதில்லை. தனக்கு வேண்டிய நிரலகங்களின் (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்புகளின்) பெயரையும் பதிப்பையும் பட்டியலிட்டுக்கொண்டுதான் வருகிறது. அந்தப் பட்டியல், கணினியில் ஏற்கெனவே உள்ள பொதிகளோடு ஒத்துப்போகாவிட்டால், பொதிகளை நிறுவும் கருவியான ‘ஆப்ட்’ நிறுவ மறுத்து, பிழைச்செய்தி காட்டும். உடனே இணையத்தில் கிடைத்த கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிப் பார்ப்பவர்கள் பலர். ஓடிக்கொண்டிருந்த கணினி படுத்துவிடுவது பெரும்பாலும் அப்போதுதான் என்பதால், முதலில் செய்தியை நிதானமாகப் படியுங்கள்.

‘டிபெண்ட்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசிச் சொற்களிலேயே காரணம் இருக்கிறது. ‘நாட் இன்ஸ்டாலபிள்’ என்றிருந்தால், கேட்கப்படும் பொதி, உங்கள் கணினி பொதிகளை இறக்கிக்கொள்ளும் களஞ்சியங்கள் எதிலும் இல்லை. ‘நாட் கோயிங் டு பி இன்ஸ்டால்ட்’ என்றிருந்தால், பொதி இருக்கிறது, ஆனால் வேறொன்று அதைத் தடுக்கிறது. அந்தப் பொதியின் பெயரையே கொடுத்து நிறுவச் சொன்னால், தடுப்பது எது என்பது அடுத்த செய்தியில் தெரிந்துவிடும். ஒரு பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு ‘இஸ் டு பி இன்ஸ்டால்ட்’ என்று முடிந்தால், பொதி கிடைக்கிறது, பதிப்புதான் பொருந்தவில்லை.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில், உபுண்டு 22.04 போட்ட கணினியில் பில் போடும் மென்பொருள் ஏற மறுத்தது. விற்றவர் பென் டிரைவில் கொடுத்திருந்த டெப் கோப்பு (பொதி அடங்கிய கோப்பு) 20.04க்காகக் கட்டப்பட்டது; அது ‘லிப்எஸ்எஸ்எல்1.1’ என்ற பொதியைக் கேட்டது. 22.04இன் களஞ்சியத்தில் அது கிடையாது, அதன் இடத்தில் ‘லிப்எஸ்எஸ்எல்3’ இருக்கிறது. பழைய களஞ்சியத்திலிருந்து அந்த ஒரு பொதியை மட்டும் இறக்கிப் போட்டால் வேலை நடக்கும்தான். ஆனால் அந்தப் பொதியில் உள்ள, இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1க்கான பொதுப் பராமரிப்பு 2023 செப்டம்பரிலேயே நின்றுவிட்டது. கடையின் கணக்கு வழக்கு முழுவதும் இணையத்தின் வழியே போகும் கணினியில் அதை வைப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. விற்றவரிடம் 22.04க்கான கோப்பைக் கேட்டு வாங்கிப் போட்டதும் சிக்கல் தீர்ந்தது.

பாதியில் நின்றுபோன நிறுவலுக்கு வைத்தியம் வேறு. மழைக்காலத்தில் வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் திடீரென்று கரண்ட் போய், மேம்படுத்தல் நடுவிலேயே அறுந்துவிட்டால், பொதிகள் பிரிக்கப்பட்டும் அமைக்கப்படாமலும் கிடக்கும். ஆப்டுக்கு அடியில் பொதிகளை நிறுவும் ‘டிபிகேஜி’ கட்டளையை ‘கான்ஃபிகர்’, ‘ஏ’ ஆகிய தெரிவுகளோடு ஓட்டிவிட்டு, பிறகு ‘ஆப்ட் இன்ஸ்டால்’ கட்டளையை ‘ஃபிக்ஸ்-புரோக்கன்’ தெரிவோடு ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மற்ற மோதல்களில் பெரும்பாலானவற்றுக்கு வெளிக் களஞ்சியங்களே காரணம். ‘ஆப்ட் பாலிசி’ என்று எழுதி, பொதியின் பெயரைக் கொடுத்தால், எந்தப் பதிப்பு நிறுவப்பட்டுள்ளது, எது எந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறது என்பது வரிசையாகத் தெரியும். பிபிஏ (தனிநபர்களோ குழுக்களோ நடத்தும் வெளிக் களஞ்சியம்) ஒன்றுதான் காரணம் என்று தெரிந்தால் அதை முடக்குவது மட்டும் போதாது. அங்கிருந்து வந்த புதிய பதிப்புகள் கணினியில் அப்படியே தங்கிவிடும். ‘பிபிஏ-பர்ஜ்’ கருவி அவற்றை உபுண்டுவின் சொந்தப் பதிப்புகளுக்கு இறக்கிவிடும். யாரோ ஒரு பொதியை நகராமல் பிடித்து வைத்திருந்தால் ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்’ அதைக் காட்டும்; ‘அன்ஹோல்ட்’ செய்தால் விடுபடும்.

எந்தத் தீர்வையும் செயல்படுத்துமுன் ‘சிமுலேட்’ தெரிவோடு ஒருமுறை ஓட்டுங்கள். எதுவும் மாறாது, என்ன நடக்கும் என்பது மட்டும் திரையில் வரும். அதில் நீக்கப்படும் பொதிகளின் பட்டியலை ஒரு வரி விடாமல் படியுங்கள். ‘உபுண்டு-டெஸ்க்டாப்’, ‘லிப்சி6’ போன்ற அடிப்படைப் பொதிகளின் பெயர்கள் அங்கே இருந்தால், அந்த வழியைக் கைவிடுங்கள்.

இரண்டு மென்பொருள்கள் ஒரே நிரலகத்தின் வெவ்வேறு பதிப்புகளைக் கேட்டு, இரண்டுமே உங்களுக்கு வேண்டியிருந்தால், ஒன்றை ஃபிளாட்பேக் அல்லது ஆப்இமேஜ் வடிவில் வாங்கிக்கொள்ளுங்கள். வட்டில் இடம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் தனக்கு வேண்டிய நிரலகங்களைப் பெரும்பாலும் கணினியின் பொதிகளைத் தொடாமலேயே அது பெற்றுக்கொள்ளும். நேற்றுவரை நன்றாக ஓடிய கணினியில் இன்று மோதல் வந்திருந்தால், ‘வார்’ கோப்புறைக்குள் ‘லாக்’, அதற்குள் ‘ஆப்ட்’ என்று போய் ‘ஹிஸ்டரி.லாக்’ கோப்பைத் திறந்து பாருங்கள். எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தக் கட்டளையால் எது மாறியது என்பது அதில் பதிவாகியிருக்கும்.