சிங்கி இறாலுக்குக் காற்று, வயருக்குக் காவல்

உயிரோடு கரை சேர்ந்த சிங்கி இறாலுக்கு (லாப்ஸ்டர்) ஒரு விலை, செத்ததற்கு வேறு விலை. அதற்காகத்தான் எங்கள் பைபர் படகில் நீலப் பேரலில் கடல்நீர் நிரப்பி, அந்தத் தண்ணீருக்குள் காற்று ஊத 12 வோல்ட் காற்று மோட்டார் வைத்தேன். ஒரு மாதம் பேட்டரி முனையில் கிளிப் மாட்டியே ஓட்டினேன். ஒருநாள் தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து போய் விடியற்காலையில் வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகும் வாடை. பலகை விளிம்பில் உரசி உரசி வயரின் தோல் போய், இரண்டு கம்பிகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. பியூஸ் இல்லாமல் இல்லை. அது மோட்டார் பக்கம் இருந்தது. பேட்டரியிலிருந்து அதுவரை வந்த மூன்று மீட்டர் வயருக்குக் காவலே கிடையாது. வயரைப் பிடித்து இழுத்ததில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

ஆகவே பியூஸைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். மோட்டாரில் 35 வாட் என்று போட்டிருந்தால் 12ஆல் வகுத்தால் சுமார் 3 ஆம்பியர். அதற்கு 5 ஆம்பியர் பியூஸ் போதும். அடிக்கடி போகிறதே என்று சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் படகில் நான் ஏறுவதில்லை.

வயர் 2.5 சதுர மில்லிமீட்டர், வெள்ளீயம் பூசிய செம்பு. வெறும் செம்பு உப்புக் காற்றில் சீக்கிரமே பச்சைக் களிம்பு பிடித்துவிடும். கிளிப் வேண்டாம், வயர் முனையில் வளைய லக் (ஓட்டையுள்ள உலோக முனை) வைத்து அழுத்தி, நட்டுப் போட்டு முடுக்குங்கள். விளிம்பில் உரசும் இடத்தில் ஒரு துண்டுக் குழாய்க்குள் வயரை நுழைத்துவிடுங்கள்.

40 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். 3 ஆம்பியர் மோட்டார் ஆறு மணி நேரம் ஓடினால் 18 ஆம்பியர்-மணி போய்விடும், அதோடு நிறுத்துங்கள். ஜிபிஎஸ், வயர்லெஸ், விளக்கு ஓடும் பேட்டரியில் இதைக் கட்டவே கூடாது. இறால் பிழைத்து, நாம் இருட்டில் திசை தெரியாமல் நின்று என்ன பயன்? வீட்டு மோட்டாரை இன்வெர்ட்டர் வைத்து ஓட்டலாமே என்பார்கள். ஈரப் பலகையில் வெறுங்காலோடு நிற்கும் இடத்தில் 230 வோல்ட் எதற்கு?

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தங்கும். மோட்டாருக்குள் கரித்துண்டு உரசும்போது பொறி பறக்கும். எனவே பெட்ரோல் கேன் ஒரு முனை என்றால் மோட்டார் மறுமுனை. எஞ்சின் புகை வரும் பக்கமும் வேண்டாம். அந்தப் புகையைத்தான் அது தண்ணீருக்குள் ஊதும். பேரலின் நீர்மட்டத்துக்கு மேலே கட்டுங்கள். கீழே இருந்தால், நின்றதும் குழாய் வழியாக உப்புத் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கிவிடும்.

கடலுக்குப் போகுமுன் கரையிலேயே அரை மணி ஓட்டிவிட்டு, நிறுத்தித் தொட்டுப் பாருங்கள். மோட்டார் சுடும், அது அப்படித்தான். லக்கோ பியூஸ் கூடோ சுட்டால் இணைப்பு தளர்ந்திருக்கிறது. அவிழ்த்து மறுபடி முடுக்குங்கள்.