கையைக் கடிக்காத கணினிப் பயிற்சி: தோட்டப்புற நகரத்து அரசு ஊழியர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பள்ளி அலுவலகத்திலோ அரசாங்க கிளினிக்கிலோ வேலை செய்பவர்களுக்குக் கணினிப் பயிற்சி என்றதும் ஈப்போவில் உள்ள தனியார் மையங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. பள்ளிக் கிராணியாகச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு மையத்தில் பணம் கட்டினேன். மூன்று மாதம் சனிக்கிழமைதோறும் பேருந்தேறிப் போய்ப் படித்ததில் பாதிக்கு மேல் சுவரொட்டி வடிவமைப்பு. எனக்குத் தேவைப்பட்ட எக்செல் ஒரே நாளில் முடிந்துவிட்டது. அந்த வருத்தம் இன்னொருவருக்கு வரக்கூடாது.

முதல் படி, தெரியாததை எழுதி வைப்பது. இரண்டு வாரத்துக்கு ஒரு சிறு குறிப்பேட்டை மேசையில் வைத்துக்கொண்டு, எந்த வேலைக்காக அடுத்த மேசைக்காரரைக் கூப்பிட்டீர்கள் என்பதை அப்போதைக்கப்போது குறித்துக்கொள்ளுங்கள். மாணவர் பட்டியலை வகுப்புவாரியாகப் பிரிக்க முடியவில்லை, ஒரே கடிதத்தை இருநூறு பெற்றோர் பெயருக்குத் தனித்தனியாக அச்சிடத் தெரியவில்லை என்று வேலையின் பெயரையே எழுதுங்கள். ‘கணினி தெரியாது’ என்று மொத்தமாகச் சொல்பவருக்கு எந்த வகுப்பும் பொருந்தாது. மூன்று வேலைகளைச் சுட்டிக்காட்டுபவருக்கு இரண்டு நாள் வகுப்பே போதுமானதாக இருக்கும்.

இரண்டாவதாக, அந்தப் பட்டியலோடு உங்கள் அலுவலகத்தில் பயிற்சிக்குப் பொறுப்பானவரைப் பாருங்கள். அரசு ஊழியர் ஆண்டுக்குக் குறைந்தது 7 நாள் பயிற்சி பெற வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையே வகுத்தது. ஆகவே பயிற்சி கேட்பது சலுகை கேட்பதாகாது, கூச்சப்பட வேண்டாம். அரசு ஊழியர்களுக்கென்றே உள்ள இந்தான் பயிற்சிக் கழகத்துக்குத் துறை வழியாக விண்ணப்பித்தால், பெரும்பாலும் உங்கள் சம்பளத்தில் கை வைக்க வேண்டியிருக்காது. புக்கிட் கியாராவில் மட்டுமல்லாமல் சுங்கைப் பட்டாணியிலும் குளுவாங்கிலும் அதற்கு வளாகங்கள் உள்ளன.

வெளியூர் போக முடியாதவர்கள் இந்தானின் எப்சா இணையத்தளத்தில் பதிந்து, வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். முடித்ததும் கிடைக்கும் சான்றிதழை அலுவலகத்தில் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்ல மறந்துவிடாதீர்கள். பாடங்கள் பெரும்பாலும் மலாய்மொழியில்தான் இருக்கும் என்றாலும் அதை நான் குறையாகக் கருதவில்லை, ஏனெனில் அலுவலகத்தில் நாம் பயன்படுத்துவதும் அந்த மலாய்ச் சொற்களைத்தாம்.

ஆசிரியர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால்தான் கை பழகும் என்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது சமூகக் கல்லூரியை. சுங்கை சிப்புட்டிலேயே ஒன்று இருக்கிறது. சமூகக் கல்லூரிகள் பொதுமக்களுக்கு நடத்தும் குறுகியகாலப் பயிற்சிகளின் கட்டணம் தனியார் மையங்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. போதிய ஆள் சேர்ந்தால்தான் வகுப்பு நடக்கும் என்பதால், சக ஊழியர் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு போய்க் கேளுங்கள். அருகில் அரசாங்கத்தின் நாடி இணைய மையம் இருந்தால் அங்கே அடிப்படைப் பயிற்சி இலவசம்.

இத்தனையும் பார்த்த பிறகும் தனியார் மையம்தான் வழி என்றால், உங்கள் பட்டியலை நீட்டி, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணி நேரம் ஒதுக்குவார்கள் என்று கேளுங்கள். திறன் மேம்பாட்டுப் பயிற்சிக்கு 2,000 ரிங்கிட் வரை வருமானவரி விலக்கு உண்டு. ஆனால் அந்தப் பயிற்சி அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். அதற்கான சான்றைப் பார்த்த பிறகே பணத்தைக் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.