தோட்டத்துப் பெண்களுக்குப் போனில் சுகாதாரத் தகவல்: எங்கிருந்து தொடங்குவது?

கொழும்பில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கத் தோட்டங்களிலும் (தேயிலைத் தோட்டமல்ல, நெருக்கமான நகரக் குடியிருப்புகள்) தொடர்மாடிகளிலும் இருக்கும் பெண்களுக்கு உடல்நலத் தகவலைப் போன் வழியாகக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு. புதிதாக ஓர் ஆப் செய்யலாமா என்றுதான் பலரும் முதலில் கேட்பார்கள். வேண்டாம். இடம் போதாத பழைய போனில் இன்னோர் ஆப்பை எங்கே வைப்பது? வாட்ஸ்அப் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், வாசிக்கத் தெரியாதவரும் குரல் செய்தி கேட்பார். அதிலேயே தொடங்குங்கள்.

படி 1: போன் யார் கையில்?

பெயரும் நம்பரும் எழுதும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். ஒரே போன் உள்ள வீடுகளில் பகலில் அது கணவரோடு வேலைக்குப் போய்விடும், இரவில் மகன் கையில் இருக்கும். எத்தனை மணிக்கு அனுப்பினால் அந்தப் பெண் கேட்பார், அவரோடு வேறு யார் கேட்பார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். குடும்பக் கட்டுப்பாடு, வீட்டில் அடி உதை போன்ற விஷயங்களைப் வீட்டில் பலர் பாவிக்கும் போனுக்கு அனுப்பவே கூடாது. அவற்றை நேரில் பேசுங்கள்.

படி 2: குரூப்பா, பிராட்காஸ்டா?

குரூப்பில் சேர்த்தால் ஒருவர் நம்பர் மற்றவர்களுக்கும் தெரியும். இளம் பெண்கள் இருந்தால் அது பிறகு தலைவலி. பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஆனால் உங்கள் நம்பரை அவர் தன் போனில் சேமித்திருந்தால்தான் வந்து சேரும். ஆகவே அங்கேயே, உங்கள் முன்னாலேயே, அவரையே சேமிக்கச் சொல்லுங்கள். போனை வாங்கி நீங்கள் செய்துகொடுக்காதீர்கள். எழுத வராதவர் பெயருக்குப் பதில் ஒரு பூப் படத்தைப் போட்டுக்கொள்ளட்டும். அப்படியே சுவசெரிய இலவச அம்புலன்ஸின் 1990ஐயும் சேமிக்கச் சொல்லுங்கள்.

படி 3: குரல் செய்தி

ஒரு நிமிடத்துக்குள், ஒரே விஷயம். வீடியோ டேட்டாவைத் தின்னும், ரீலோட் பண்ணக் காசு இல்லாத கிழமையில் யாரும் திறக்கவும் மாட்டார்கள். தாளைப் பார்த்து வாசிக்காமல் பேசுகிற மாதிரியே பேசுங்கள். டெங்குக்கு இப்படி ஒன்று:

"அக்காமார், மழை விட்டு விட்டுப் பெய்யுது, டெங்கு காலம். பெரியவங்களுக்குக் காய்ச்சல்னா பெனடோல் மட்டும் குடிங்க, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. புரூபன், அஸ்பிரின் வாங்கிக் குடிக்காதீங்க, ரத்தம் கசியப் பார்க்கும். மூணாம் நாளும் காய்ச்சல் இருந்தா ரத்தம் செக் பண்ணுங்க. காய்ச்சல் விட்டுட்டுது, ஆனா வயிறு வலிக்குது, வாந்தி நிக்கல்லன்னா வீட்டுல இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

கடைசி வரியைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. "காய்ச்சல் விட்டுட்டுதே" என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பதும் அந்த நேரத்தில்தான்.

அனுப்பும் முன் உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடமோ டாக்டரிடமோ போட்டுக் காட்டுங்கள். மேலே உள்ள செய்தியிலேயே ஓர் ஓட்டை உண்டு: இதயக் கிளினிக்கில் அஸ்பிரின் எடுக்கும் ஓர் அம்மா, இதைக் கேட்டுவிட்டு மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிடலாம். "வழமையா குடிக்கிறவங்க டாக்டர்கிட்டக் கேட்காம நிப்பாட்டாதீங்க" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இப்படியானதைப் பழகிய கண்தான் பிடிக்கும்.

படி 4: திருப்பிக் கேளுங்கள்

"விளங்கினதா?" என்று கேட்டால் எல்லோரும் "ஓ" என்பார்கள், அதை நம்பாதீர்கள். "பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதை எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டு, பதிலைக் குரலிலேயே அனுப்பச் சொல்லுங்கள். மூன்று நான்கு பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் கோளாறு உங்கள் செய்தியில்தான். அந்த இடத்தை மட்டும் மாற்றி மறுபடி அனுப்புங்கள்.

படி 5: ஊர்சுற்றும் செய்திகள்

"பப்பாசி இலைச் சாறு குடித்தால் ஆஸ்பத்திரிக்கே போகத் தேவையில்லை" என்கிற வகை வரும். செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று காட்டிக்கொடுங்கள். அதனாலேயே பொய் என்று ஆகாது. ஆனாலும் பகிரும் முன் உங்களுக்கு அனுப்பிக் கேட்கட்டும். கேட்டதற்காக யாரையும் சிரிக்காதீர்கள், அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள்.

படி 6: தேதிகளும் மாத்திரையும்

35, 45 வயதுப் பெண்களை வெல் வுமன் கிளினிக்குக்கு (பெண்கள் நலக் கிளினிக்) அழைத்துக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். உங்கள் பட்டியலில் வயதையும் குறித்து வைத்தால் உரியவருக்கு மட்டும் நினைவூட்டலாம்.

கிளினிக் கொப்பியில் அடுத்த தேதி உள்ள பக்கத்தைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மாத்திரைக்குப் போனிலேயே அலாரம் வைக்கலாம். அலாரத்தின் பெயரை வாசிக்க முடியாதவர்களுக்குக் காலை மாத்திரைக்கு ஒரு பாட்டு, இரவு மாத்திரைக்கு வேறொரு பாட்டு. பாட்டை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.