கரூர் பாக்கி எவ்வளவு? எக்செலில் வடிகட்டிப் பார்க்கும் முறை

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி காலையில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: "கரூர்க்காரர்கள் பாக்கி எவ்வளவு நிற்கிறது?" எங்கள் பில் பட்டியலில் 2,140 வரிசைகள் இருக்கின்றன. முன்பெல்லாம் உருட்டி உருட்டிக் கால்குலேட்டரில் கூட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அவர் சாமி படத்துக்குப் பூ வைத்துத் திரும்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

தலைப்பு வரிசையில் ஒரு கட்டத்தில் நின்று கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஒவ்வொரு தலைப்பின் ஓரத்திலும் சிறிய அம்புக்குறி வரும். இதுதான் ஃபில்டர், அதாவது வடிகட்டி. 'ஊர்' பத்தியின் அம்பைத் திறந்து, எல்லா டிக்குகளையும் எடுத்துவிட்டு, கரூருக்கு மட்டும் டிக் போட்டு ஓகே கொடுங்கள். இடப்பக்க வரிசை எண்கள் நீலமாக மாறும்; மற்ற ஊர்கள் மறைந்திருக்கும், அழிந்திருக்காது. அடுத்து 'தொகை' பத்தியில் 50,000க்கு மேல் என்று கேட்டால், கரூரிலும் பெரிய பாக்கிகள் மட்டும் நிற்கும்.

இவ்வளவுதான் வேலை. தொல்லை கொடுப்பது பட்டியல்தான்.

எனக்கு முன்பு இருந்த கணக்குப்பிள்ளை மாதம் முடிந்ததும் ஒரு வரிசையை வெறுமையாக விடுவார். பேரேட்டில் எழுதிய கை. ஃபில்டரோ அந்த வெற்று வரிசையோடு பட்டியல் முடிந்தது என்று நின்றுவிடும். ஏப்ரல் மட்டும் வடிகட்டப்பட்டு, மே முதல் எல்லாம் அப்படியே கிடந்தது. வெற்று வரிசைகளை முதலில் நீக்கிவிடுங்கள்.

எழுத்துப்பிழை இன்னும் மோசம். எங்கள் பட்டியலில் 'கரூர்' 38, 'கருர்' 6. ஒரு சுழி தவறியதால் 6 பில்கள் கணக்கில் வரவே இல்லை. டிக் போடும் முன் அந்தப் பெயரின் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். பட்டியல் அகரவரிசையில் இருப்பதால் பிழைகள் பெரும்பாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

கூட்டுத்தொகைக்கு சம் சூத்திரத்தை நம்பாதீர்கள். அது மறைந்த வரிசைகளையும் சேர்த்தே கூட்டும். சமக்குறி போட்டு ஆங்கிலத்தில் சப்டோட்டல் (SUBTOTAL) என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 9 (கூட்டச் சொல்லும் எண்), கமா, பிறகு தொகைப் பத்தியின் எல்லையை, அதாவது முதல் தொகையிலிருந்து கடைசித் தொகை வரை, கொடுங்கள். வடிகட்டி நிற்பதை மட்டும் கூட்டும். இந்தக் கட்டத்தைப் பட்டியலுக்கு மேலே, ஒரு வரிசை இடைவெளி விட்டு வைத்திருக்கிறேன். கீழே வைத்தால் ஒவ்வொரு முறையும் தேடிப் போக வேண்டும்.

ஒரு நாள் பட்டபாட்டையும் சொல்லிவிடுகிறேன். கரூரை வடிகட்டி வைத்துக்கொண்டு, வேறொரு தாளிலிருந்து 38 வசூல் தொகைகளை நகலெடுத்து ஒரே மூச்சில் ஒட்டினேன். கண்ணுக்குத் தெரிந்த வரிசைகளில் பாதிக்கு மேல் காலி. ஃபில்டரை எடுத்துப் பார்த்தால், இடையில் மறைந்திருந்த சேலம், திண்டுக்கல் பில்களில் எல்லாம் கரூர்ப் பணம் ஏறியிருந்தது! நல்லவேளை, கன்ட்ரோல் இசட் காப்பாற்றியது. அன்றிலிருந்து, வெவ்வேறு தொகைகளை ஒட்டுவதாக இருந்தால் முதலில் ஊர்வாரியாக வரிசைப்படுத்திக்கொள்கிறேன். கரூர் பில்கள் அடுத்தடுத்து வந்துவிடும், ஃபில்டரே வேண்டாம். எல்லாவற்றிலும் 'வசூலானது' என்று ஒரே சொல்லைப் போடுவதென்றால் வடிகட்டிய பட்டியலில் அந்தச் சொல் விழ வேண்டிய கட்டங்களை, தலைப்பை விட்டுவிட்டு, மேலிருந்து கீழ் வரை தேர்ந்தெடுத்து, ஆல்ட்டும் அரைப்புள்ளியும் அழுத்தி, சொல்லை அடித்து, கன்ட்ரோல் என்டர் கொடுக்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற கட்டங்களில் மட்டும் விழுகிறது.