ஊருக்குப் போகும்போது: பெற்றோரின் சொத்து, பராமரிப்பு வேலைகளில் எது முதலில்?

விடுமுறைக்குத் தமிழ்நாடு வருகிறவர்கள் பத்திரப் பேச்சைக் கிளம்புகிற வாரத்தில்தான் எடுக்கிறார்கள். பெற்றோரின் கையெழுத்தும் தெளிவான நினைவும் தேவைப்படுகிற வேலைகளை வந்த வாரமே முடித்துவிட வேண்டும். காகிதம் மட்டும் கேட்கிற வேலைகள் காத்திருக்கும்.

விமானம் ஏறும் முன்பே பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றையும் அரசின் நில ஆவண இணையதளத்தில் பட்டாவையும் பாருங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறதா, பத்திரத்தில் உள்ள இனிஷியலும் ஆதாரில் உள்ளதும் ஒன்றா என்று கவனியுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

‘பெற்றோரிடம் பவர் (அவர்கள் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) வாங்கி வைத்திருக்கிறோம், போதும்’ என்ற நம்பிக்கைதான் அதிகம் காலை வாருகிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, பவர் கொடுத்தவர் இறந்தாலும் சரி, சித்தம் தெளிவில்லாமல் போனாலும் சரி, அந்தப் பவர் முடிந்துவிடும். அப்பாவுக்கு மறதி நோய் முற்றிய பிறகு, அதாவது பவர் மிகவும் தேவைப்படும் நேரத்தில், அது செல்லாது. அதன்பின் காப்பாளர் நியமனத்துக்கு நீதிமன்றம் போக வேண்டும். நீங்கள் வெளிநாட்டிலிருந்து எழுதி அனுப்பும் பவர் என்றால், இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் பதிந்துவிடுங்கள். சாட்சிகள் இருவர், இருவரும் உயிலால் பயனடையாதவர்களாக, பெற்றோரைவிட வயதில் இளையவர்களாக, உள்ளூர்க்காரர்களாக இருப்பது நல்லது. வழக்கு வந்தால் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். எண்பது வயது நண்பரைச் சாட்சி போடுவது மரியாதைக்கு உதவும், வழக்குக்கு உதவாது. அன்றே மருத்துவரிடம் ‘நல்ல நினைவுடன் இருக்கிறார்’ என்று சான்று வாங்கி உயிலோடு வையுங்கள். நடக்க முடியாதவர் என்றால், மனுவும் கூடுதல் கட்டணமும் கொடுத்துச் சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைக்கலாம்.

பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் வேறு கதை. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தீர்வை 1%, அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1%, அதிகபட்சம் 10,000. செலவு குறைவு என்று அவசரப்பட வேண்டாம். எழுதிய அன்றே சொத்து கைமாறிவிடும், உயில் போல நினைத்தபோது மாற்ற முடியாது. பெற்றோரின் ஆயுள்கால அனுபவ உரிமையையும், ‘கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம், பிரிவு 23இன் கீழ் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியரிடம்) போய்ப் பத்திரத்தை ரத்து செய்ய அந்த வரிதான் பிடிமானம். எழுத்தர்கள் பழைய மாதிரியைப் பார்த்து அதை விட்டுவிடுவார்கள். கையெழுத்துக்கு முன் வரைவை நீங்களே வாசியுங்கள்.

வயல், தோப்பு இருந்தால் இன்னும் கவனம். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரோ ஓ.சி.ஐ. அட்டைக்காரரோ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரோ) விவசாய நிலத்தை வாங்கவும் முடியாது, தானமாகப் பெறவும் முடியாது, வாரிசுரிமையாகப் பெறலாம். ஆகவே வீட்டைச் செட்டில்மென்ட் எழுதினாலும் நிலத்தை உயிலில்தான் விட வேண்டும். பிற்பாடு விற்றால் இங்கே வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கலாம். பணம் என்.ஆர்.ஓ. கணக்குக்கு (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் வங்கிக் கணக்குக்கு) வரும், அங்கிருந்து நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம்.

வங்கியில் நாமினி இருக்கிறாரா என்று பாருங்கள். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை போடலாம். நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கு. தங்கை நாமினி என்றால் பணம் முழுக்க அவளுக்கு என்று ஆகாது. இதை அண்ணன் தம்பி எல்லாரும் இருக்கும்போது சொல்லிவிடுவது மேல்.

வென்டிலேட்டர் போன்ற முடிவுகளுக்கும் எழுத்து உண்டு. 2023இல் உச்ச நீதிமன்றம் எளிதாக்கியபடி, முன்கூட்டிய மருத்துவ விருப்பத்தை இரண்டு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும். முடிவெடுக்க அதில் குறிக்கும் நபர்களில் ஒருவராவது உள்ளூரில் இருப்பவராக இருக்கட்டும். நள்ளிரவில் மருத்துவமனை கூப்பிடுவது அவரைத்தான்.