மலை மந்தையில் கோமாரியை மறிப்பது எப்படி

கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் ஒரு மாடு தீவனத்தை விட்டுச் சப்புக்கொட்டிக்கொண்டு, நூல்நூலாக எச்சில் ஒழுக நின்றால் உடனே நாக்கையும் குளம்பிடுக்கையும் பாருங்கள். கொப்புளமோ, தோலுரிந்த சிவந்த புண்ணோ தெரிந்தால் கோமாரி என்றே வைத்துக்கொண்டு அன்றே கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள்.

மாட்டைத் தனியே கட்டுங்கள். மந்தையைப் பொது மேய்ச்சலுக்கோ ஓடைக்கோ விடவே கூடாது. சோலையோரம் மேயும் காட்டுமாட்டுக்கும் இது தொற்றும். நல்ல மாடுகளைக் கறந்து முடித்தபிறகே நோய் மாட்டிடம் போங்கள். அதன் பாலைக் கன்று குடிக்க விடாதீர்கள். கன்றுக்குக் கொப்புளம் வராமலே இதயம் தாக்கப்பட்டுத் திடீரென்று செத்துவிழும்.

தரை, வாளி, செருப்பு எல்லாவற்றுக்கும் லிட்டருக்கு 40 கிராம் சலவை சோடாக் கரைசல் போதும். சமையல் சோடா உதவாது. சாணியைச் சுரண்டிக் கழுவிய பிறகு தெளியுங்கள். சாணி மூடிய இடத்தில் மருந்து இறங்காது. மலையின் குளிரிலும் ஈரத்திலும் கிருமி சமவெளியைவிட நெடுநாள் தாங்கும், ஒருமுறை கழுவியதோடு நிறுத்த வேண்டாம்.

கன்றுக்கு 4 மாதத்தில் முதல் தடுப்பூசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை. மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பனிக்கட்டியில் நேராக ஒட்டி உறைந்துபோன குப்பியைத் தூக்கி எறியுங்கள். சினை மாடு என்பதற்காக, மருத்துவரைக் கேட்காமல் நீங்களே ஊசியை ஒதுக்காதீர்கள். விடுபட்ட மாடுகள்தான் நோய்க்கு வழி.

சந்தையில் வாங்கிய மாடு 21 நாளாவது தனியாக நிற்கட்டும். ஊசி போட்டதென்று விற்றவர் சொன்னாலும் சரி: ஊசி போட்ட மாடும் தொண்டையில் கிருமியைச் சுமந்து வரலாம்.